உள்ளே ஒன்றுமில்லாத விமானம்

கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டும் பழக்கம் உண்டா உங்களுக்கு? இல்லாவிட்டாலும் பரவாயில்லை. உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ அப்படி ஒரு பையன் இருப்பான். அவனைக் கேட்டுப் பாருங்கள். இந்தத் தலைவலி அவனுக்கு அத்துப்படி.

ஃப்ளைட் சிமுலேட்டரோடு கூட வந்த விமானங்கள் அலுத்துப்போய், இன்டர்நெட்டில் தேடிப் பிடித்துப் புதிதாக ஒரு விமானத்தை இறக்கிப் போடுகிறான். ஆட்-ஆன் என்பார்கள். திரையில் வந்து நிற்கிறது பாருங்கள், அடடா! றெக்கை, வால், சக்கரம், தகட்டில் அடித்த ஆணி வரை அப்படியே இருக்கிறது. சரி, உள்ளே போய் உட்காரலாம் என்று பார்வையை மாற்றினால்... போச்சு! ஸீட் இல்லை. பிடித்து ஓட்டக் கைப்பிடி இல்லை. பேருக்கு ஒரு மீட்டர்கூட இல்லை. சுற்றிலும் வானம், கீழே தரை, நடுவில் ஆவி மாதிரி இவன் மிதந்துகொண்டிருக்கிறான். விமானம் எங்கே?

செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதைச் சுலபமாக விளக்கிவிடலாம். தெருவிலிருந்து பார்த்தால் கம்பீரமான முகப்பு. ஆனால், ஒரு வீட்டை வீடாக்குவது அதற்குப் பின்னால் இருக்கும் வளவும், பர்மா தேக்குத் தூண்களும், இரண்டாம் கட்டும், அடுப்படியும்தான். அந்தத் தூண்களும் கதவுகளும் கழன்று வந்து காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் நிற்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். உள்ளே எல்லாம் போன பிறகு முகப்பு மட்டும் நிற்கும் வீட்டில் யாராவது குடியிருக்க முடியுமா? முடியாது. உள்ளே ஒன்றுமில்லாத விமானமும் அப்படித்தான். தெருவில் நின்று பார்க்கலாம். குடிபோக முடியாது.

இது என்னமோ கம்ப்யூட்டர் விளையாட்டில் வந்த புதுக் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். 'விமானிக்கு உள்ளே என்ன வேண்டும்?' என்ற கேள்விக்கு விடை தெரியாமல் எத்தனையோ உயிர்கள் போயிருக்கின்றன. ரிப்பேருக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கதையைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். கோளாறு எங்கே என்று கண்டுபிடிக்க அது உதவும்.

ஆரம்ப காலத்தில் விமானிகள் உள்ளே பார்க்கவே மாட்டார்கள். வெளியேதான் பார்வை. தொடுவானம் தெரிகிறதா, ரயில் பாதை தெரிகிறதா, அதைப் பிடித்துக்கொண்டே போ. அவ்வளவுதான் வித்தை. மேகத்துக்குள் நுழைந்துவிட்டால்? 'எனக்கு உடம்பே சொல்லிவிடும்' என்று நம்பினார்கள்.

உடம்பு சொல்லாது. பொய்தான் சொல்லும். நம் காதுக்குள் மூன்று சின்ன வளையக் குழாய்கள், அவற்றுக்குள் திரவம். தலை திரும்பினால் திரவம் பின்தங்கும். அதை வைத்துத்தான் 'திரும்புகிறோம்' என்று மூளைக்குச் செய்தி போகிறது. ஒரே சீராகத் திரும்பிக்கொண்டே இருந்தால் சில விநாடிகளில் திரவமும் கூடவே ஓட ஆரம்பித்துவிடும். அப்புறம் நேராகப் போவதாகத்தான் தோன்றும். திருவிழா ராட்டினத்தில் சுற்றிவிட்டு இறங்கியதும் தரை எதிர்ப்பக்கம் சுற்றுமே, அதே சங்கதி. மேகத்துக்குள் இப்படி ஏமாந்த விமானி, நேராகப் போகிறோம் என்று நினைத்துக்கொண்டே சுழன்று சுழன்று தரையில் மோதுவான்.

இதற்கு மருந்து கண்டவர்களில் முக்கியமானவர் ஜிம்மி டூலிட்டில் என்ற அமெரிக்க ராணுவ விமானி. 1929 செப்டம்பர் 24. நியூயார்க் பக்கத்தில் மிட்செல் ஃபீல்டு. அவர் உட்கார்ந்த காக்பிட்டின் மேலே துணிக்கூண்டு போட்டு மூடிவிட்டார்கள். வெளியே ஒரு இம்மி தெரியாது. ஆபத்துக்கு உதவ முன் ஸீட்டில் இன்னொரு விமானி இருந்தார். அவருக்கு வேலையே வரவில்லை. டூலிட்டில் மீட்டர்களை மட்டும் பார்த்துக்கொண்டு மேலே கிளம்பினார், ஒரு சுற்று வந்தார், அதே இடத்தில் இறக்கினார். அவருக்குக் கை கொடுத்தது ரேடியோவும், உள்ளே பம்பரம் சுற்றும் சில கருவிகளும்தான். வேகமாகச் சுற்றும் பம்பரம் தன் நிலையிலிருந்து லேசில் சாயாது. அதை வைத்து, விமானம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று காட்டும் 'செயற்கைத் தொடுவானம்' செய்திருந்தார்கள். அன்றைக்குத் தொடுவானம் வெளியிலிருந்து விமானத்துக்குள்ளே வந்து உட்கார்ந்தது.

சரி, இந்த வித்தையை மற்றவர்களுக்கு எப்படிச் சொல்லித் தருவது? அங்கேதான் எட்வின் லிங்க் வருகிறார். நியூயார்க் மாநிலத்தில் பிங்காம்டன் என்ற ஊர். அப்பாவுக்கு பியானோ, ஆர்கன் செய்யும் தொழிற்சாலை. 1920-ல் காசு கட்டி விமானம் ஓட்டக் கற்றுக்கொள்ளப் போனார் லிங்க். வாத்தியார் மேலே கூட்டிப்போய்க் குட்டிக்கரணம் எல்லாம் அடித்துக் காட்டினார். ஆனால், கட்டுப்பாட்டுக் கோலை மட்டும் தொடவே விடவில்லை! காசு போச்சு, பாடமும் இல்லை. தரையிலேயே கற்றுக்கொள்ள ஒரு பெட்டி செய்தால் என்ன என்று யோசித்தார் லிங்க். ஆர்கனில் காற்றை ஊதும் துருத்தி இருக்கிறதே, அதே துருத்திகளின் மேல் ஒரு பெட்டியை ஏற்றி வைத்தார். உள்ளே இருப்பவன் கோலை அசைத்தால் பெட்டி சாயும், நிமிரும், சுற்றும். 1929-ல் ரெடி.

யாரும் சீந்தவில்லை. ராட்டினத்துக்குப் பக்கத்தில் காசு போட்டு ஆடும் விளையாட்டுச் சாமானாகத்தான் விலைபோனது. 1934-ல் நிலைமை மாறியது. அந்த வருஷம் ஜனாதிபதி ரூஸ்வெல்ட், தனியார் கம்பெனிகளிடமிருந்து விமானத் தபாலைப் பிடுங்கி ராணுவத்திடம் கொடுத்தார். பிப்ரவரி மாதம். பனி, மூடுபனி, ராத்திரி. ராணுவத்து இளைஞர்களுக்கு மீட்டரைப் பார்த்து ஓட்டும் பயிற்சி போதாது. சில வாரங்களுக்குள் பத்துக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். நாடே கொதித்தது. அப்போதுதான் லிங்க்கின் பெட்டி ராணுவத்துக்கு ஞாபகம் வந்தது. முதல் ஆர்டர் 6 பெட்டிகள். இரண்டாம் உலகப்போர் முடிவதற்குள் சுமார் 10,000 பெட்டிகள் ஆகிவிட்டன. இந்தியாவிலும் விமானிகள் அந்தப் பெட்டிக்குள் உட்கார்ந்து பழகியிருக்கிறார்கள்.

அந்தப் பெட்டியின் படத்தைப் பார்த்திருக்கிறீர்களா? சிரிப்பு வரும். நீல நிறத்தில் குட்டை உடம்பு, பொம்மை மாதிரி மஞ்சள் றெக்கை, ஒரு வால். குழந்தைகள் ஏறி ஆடும் ராட்டினக் குதிரை தேவலை. ஆனால், உள்ளே உட்கார்ந்து மூடியைச் சாத்தினால், எதிரே இருந்தவை அசல் விமானத்து மீட்டர்கள்.

கவனியுங்கள். லிங்க் பெட்டி, வெளியே பொம்மை, உள்ளே நிஜம். நம்ம பையன் இறக்கிய ஆட்-ஆன், வெளியே நிஜம், உள்ளே சூன்யம். நேர் எதிர். லிங்க் தன் பெட்டியை ஓட்டுகிறவனுக்காகச் செய்தார். அந்த ஆட்-ஆனை யாரோ பார்க்கிறவனுக்காகச் செய்திருக்கிறார்கள். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கோளாறில் பாதிக்குச் சாவி இதுதான்.

இப்போது நம்மூர் பக்கம் வருவோம். காரைக்குடியை ஒட்டிய கோட்டையூரில் 1909-ல் பிறந்தவர் அழகப்பச் செட்டியார். கல்லூரிகளுக்கு அள்ளிக் கொடுத்த வள்ளலாகத்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுத்து, மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தைக் காரைக்குடிக்குக் கொண்டுவந்தவர். 1948 ஜூலையில் நேரு வந்து அதற்கு அடிக்கல் நாட்டினார். ஆனால், அவருக்கு இன்னொரு முகம் உண்டு. பாரிஸ்டர் படிக்க லண்டன் போன இடத்தில், குராய்டன் விமான நிலையத்தில் விமானம் ஓட்டக் கற்றுச் சான்றிதழும் வாங்கி வந்த ஆசாமி அவர்! கடல் கடந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலில் போய்க்கொண்டிருந்த சமூகத்திலிருந்து ஒருவர் காக்பிட்டில் ஏறி உட்கார்ந்த கதை இது.

போர் முடிந்ததும் அழகப்பர் ஒரு விமானக் கம்பெனியே ஆரம்பித்தார். பெயர் ஜூபிடர் ஏர்வேஸ். வாங்கிய விமானங்கள் டகோட்டா. ராணுவத்துக்குத் தேவை தீர்ந்து, கழித்து விற்ற விமானங்கள்.

டகோட்டாவின் வரலாற்றிலும் இதே 'உள்ளே என்ன?' பிரச்னை உண்டு. 1935 டிசம்பர் 17 அன்று முதன்முதலாகப் பறந்த டக்ளஸ் டிசி-3, பயணிகளுக்காகப் பிறந்த விமானம். பகலில் 21 பேர் வசதியாக உட்காரலாம். போர் வந்ததும் ராணுவம் அதையே சி-47 என்று ஆக்கிக்கொண்டது. டகோட்டா என்பது பிரிட்டிஷ்காரர்கள் வைத்த பெயர். 10,000-க்கும் மேல் செய்து தள்ளினார்கள். வெளித்தோற்றம் ஏறத்தாழ அதேதான். உள்ளே? பயணி ஸீட் எதுவும் கிடையாது. ஜீப்பை ஏற்றுகிற மாதிரி பெரிய கதவு, கனமான தரை, சுவரோரம் மடக்கு பெஞ்சு, மேலே பார்த்தால் வெறும் தகடும் விலா எலும்பு மாதிரி சட்டங்களும். டிக்கெட் வாங்கி வருகிற பயணியை அதில் எப்படி உட்கார வைப்பது?

அந்த ரிப்பேரைச் செய்த இடங்களில் முக்கியமானது, பெங்களூரில் இருந்த ஹிந்துஸ்தான் விமானத் தொழிற்சாலை. கழித்துப்போட்ட ராணுவ டகோட்டாக்களைப் பிரித்துச் சரிசெய்து, பயணிகள் விமானங்களாக மாற்றிக் கொடுத்தார்கள். அந்தக் கால இந்திய விமானக் கம்பெனிகள் பலவும் இப்படி உள்ளே புதுசாக்கிய டகோட்டாக்களை வைத்துத்தான் பிழைத்தன. 1949-ல் ராத்திரி விமானத் தபால் திட்டம் ஆரம்பித்தபோது சென்னை, பம்பாய், டெல்லி, கல்கத்தா நான்கு ஊர்களிலிருந்தும் கிளம்பிய டகோட்டாக்கள் நடுராத்திரி நாகபுரியில் சந்தித்து மூட்டைகளை மாற்றிக்கொண்டு திரும்பின. கும்மிருட்டில் விமானிக்குத் துணை, எதிரே மினுக்கிய மீட்டர்கள்தாம்.

ஜூபிடர் ஏர்வேஸ் நிலைக்கவில்லை. ஒரே நேரத்தில் ஏகப்பட்ட கம்பெனிகள், அத்தனைக்கும் பயணிகள் இல்லை. 1953-ல் விமானக் கம்பெனிகளை அரசு எடுத்துக்கொண்டபோது அந்தப் பட்டியலில் ஜூபிடர் இல்லை. அதற்கு முன்பே மூடியாகிவிட்டது. அழகப்பர் 1957-ல், 48 வயதுகூட நிறையாமல் காலமானார். செட்டிநாட்டில் உலகப்போர் காலத்து ஓடுதளம் ஒன்று இருக்கிறது. பயணிகள் விமானம் அங்கே வந்து இறங்குவதில்லை.

ஆனால், கம்ப்யூட்டரில் இறக்கலாமே! ஒரு டகோட்டாவுக்கு ஜூபிடர் ஏர்வேஸ் பெயர் எழுதிச் செட்டிநாட்டு ஓடுதளத்தில் கொண்டுவந்து இறக்கலாம். அந்த ஆசையில்தான் பையன் ஆட்-ஆன் தேடுகிறான். தேடிக் கிடைத்தது முகப்பு மட்டும். ஏன்?

புரூஸ் ஆர்ட்விக் என்ற இல்லினாய்ஸ் பல்கலைக்கழக மாணவர், விமானம் பறப்பதைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டுவதை 1975-ல் ஆய்வேடாக எழுதினார். அதிலிருந்து வளர்ந்ததுதான் 1982-ல் மைக்ரோசாஃப்ட் வெளியிட்ட ஃப்ளைட் சிமுலேட்டர். திரையின் மேல் பாதியில் கோட்டுப்படமாக வெளியுலகம், கீழ்ப் பாதியில் மீட்டர்கள். உள்புறம் என்பது வெறும் தட்டைப் படம். பிறகு, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்க்கும் முப்பரிமாண காக்பிட் வந்தது. 2001-ல் வந்த பதிப்பில் இன்னொரு புதுமை. நாம் ஓட்டும் விமானம் தவிர, கம்ப்யூட்டரே ஓட்டும் மற்ற விமானங்களும் நிலையத்தில் வந்து போக ஆரம்பித்தன. ஆர்வலர்கள் ஆயிரக்கணக்கில் அந்த மாதிரி விமானங்களைச் செய்து இலவசமாகவே கொடுத்தார்கள். தூரத்தில் போகிற விமானத்துக்கு உள்புறம் எதற்கு? அதையும் வரைந்தால் கம்ப்யூட்டர் திணறும். எனவே, வேண்டுமென்றே உள்ளே காலியாக விட்டார்கள். அந்த வகை விமானத்தைப் போய் ஓட்டப் பார்த்தால்? ஆவியாக மிதக்க வேண்டியதுதான்.

ஆக, ரிப்பேர் செய்யுமுன் கேட்கவேண்டிய முதல் கேள்வி, இந்த விமானத்தை யாருக்காகச் செய்தார்கள்? பார்க்கிறவனுக்கா, ஓட்டுகிறவனுக்கா?

பதில் விமானத்தின் ஃபோல்டரிலேயே இருக்கிறது. முதலில் அந்த ஃபோல்டரை ஒரு காப்பி எடுத்துப் பத்திரமாக வையுங்கள். கூடவே வந்த விமானம் ஒன்றையும் ஓட்டிப் பாருங்கள். அதன் உள்புறம் ஒழுங்காகத் தெரிந்தால் கோளாறு ஆட்-ஆனில்தான். பிறகு ஃபோல்டரைத் திறங்கள். 'மாடல்', 'பேனல்', 'டெக்ஸ்ச்சர்', 'சவுண்ட்' என்று உள்ளறைகள் இருக்கும். 'பேனல்' என்ற அறையே இல்லை, அல்லது காலி என்றால் அது பெரும்பாலும் தெருவில் நின்று பார்க்கச் செய்ததுதான். பழைய பதிப்புகளில் இதற்கு ஒரு வழி உண்டு. பேனல் ஃபைலில் 'ஏலியஸ்' என்று ஒரு வரி போட்டு, வேறொரு விமானத்தின் தட்டை மீட்டர் பலகையை வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

பேனல் இருக்கிறது, முப்பரிமாண உள்புறம் மட்டும் இல்லையா? 'மாடல்' அறையில் உள்ள சின்ன எழுத்து ஃபைலை நோட்பேடில் திறங்கள். 2003-ல் வந்த பதிப்பில் வெளியும் உள்ளும் ஒரே மாடல் ஃபைலுக்குள் இருந்தன. 2006 பதிப்பிலிருந்து இரண்டையும் பிரித்துவிட்டார்கள். 'நார்மல்' என்ற வரி வெளிப்புறம், 'இன்டீரியர்' என்ற வரி உள்புறம். இரண்டாவது வரி இல்லாவிட்டாலோ, அதிலுள்ள பெயருக்கும் ஃபைலின் பெயருக்கும் ஓர் எழுத்து வித்தியாசம் இருந்தாலோ, உள்புறம் அம்பேல். வரியைத் திருத்தினால் சரியாகிவிடும். உள்புற ஃபைலே வரவில்லை என்றால், 2006 பதிப்பில் ஏற்கெனவே ஒரு டிசி-3 இருக்கிறது. அதன் உள்புறத்துக்கு வழிகாட்டி அந்த வரியை எழுதலாம். பெங்களூரில் அன்றைக்குச் செய்தது மாதிரிதான். வெளியே ஒன்று, உள்ளே வேறு இடத்துச் சாமான்!

உள்புறம் வருகிறது, ஆனால் மீட்டர் இருக்கவேண்டிய இடங்களில் ஓட்டை ஓட்டையாகத் தெரிகிறதா? மீட்டர்கள் தனி ஃபைல்கள். அவை வந்து சேரவில்லை என்று அர்த்தம். வந்திருந்தும் தெரியாவிட்டால், அவை பழைய 32 பிட் காலத்தவையாக இருக்கலாம். 2020-க்குப் பிறகு வந்த சிமுலேட்டர்களில் அவை ஓடாது. நோட்பேடைத் திறந்து மல்லுக்கட்டுவதில் பிரயோஜனமில்லை. புதிதாகச் செய்த மீட்டர்கள்தாம் வேண்டும்.

புதிய சிமுலேட்டர்களில் 'லேஅவுட்' என்று ஒரு பட்டியல் ஃபைல் உண்டு. ரேஷன் கார்டு மாதிரி. அதில் பெயர் இல்லாத ஃபைலைச் சிமுலேட்டர் கண்டுகொள்ளாது. நீங்கள் ஏதாவது ஃபைலைப் புதிதாகச் சேர்த்திருந்தால் அந்தப் பட்டியலையும் புதுப்பிக்க வேண்டும். ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போட்டுவிட்டீர்களா என்றும் பாருங்கள். நீங்கள் இறக்கியது முழு விமானம்தானா, வெறும் பெயின்ட்தானா என்பதையும் பாருங்கள். பெயின்ட் மட்டும் என்றால் மூல விமானம் தனியாக வேண்டும்.

கடைசியாக ஒன்று. உள்புறம் ஒழுங்காகவே இருக்கும். உங்கள் கண்தான் வேறெங்கோ இருக்கும்! விமானத்தின் முக்கிய ஃபைலில் 'ஐபாயின்ட்' என்று மூன்று எண்கள் இருக்கும். விமானியின் கண் முன்னே பின்னே எவ்வளவு, இடமா வலமா, எவ்வளவு உயரம் என்பதற்கு அளவு. அது தப்பாக இருந்தால் கண் மூக்குக்கு வெளியே போய் மிதக்கும்.

இவ்வளவும் செய்து, ஜூபிடர் பெயர் எழுதிய டகோட்டாவில் உங்கள் பையன் உள்ளே உட்கார்ந்துவிட்டான் என்று வையுங்கள். உடனே செட்டிநாட்டு ஓடுதளத்தைத் தேட வேண்டாம் என்று சொல்லுங்கள். வானிலையை மூடுபனிக்கு மாற்றச் சொல்லுங்கள். வெளியே ஒன்றும் தெரியாது. செயற்கைத் தொடுவானத்தை மட்டும் பார்த்துக்கொண்டு பத்து நிமிஷம் நேராக ஓட்டட்டும். 1934-ல் அந்த இளைஞர்களுக்கு எது கிடைக்காமல் போனது என்று அவனுக்கே புரிந்துவிடும்.